ஸ்டீரியோ இசையை மூன்று ஸ்பீக்கர்களில் கேட்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடது, வலது என இரண்டு சேனலில் பதிவான பாட்டுக்கு மூன்றாவது ஸ்பீக்கர் எதற்கு?

இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் பாடகர் நிற்பதுபோல் கேட்கிறதே, அந்த இடத்தில் உண்மையில் எதுவும் இல்லை. இடது, வலது ஆகிய இரண்டிலிருந்தும் ஒரே குரல் ஒரே அளவில் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் நம் மூளை அதை நடுவில் கொண்டுபோய் வைக்கிறது. ஃபேன்டம் சென்டர் என்று ஒலித்துறையினர் சொல்வது இதைத்தான். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சமதூரத்தில் அமர்ந்திருக்கும்வரை இந்தத் தோற்றம் நிலைக்கும். ஒரு பக்கமாக நகர்ந்தால், அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் ஒலி முதலில் வந்துவிடுவதால் குரல் அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். தூர வித்தியாசம் 34 சென்டிமீட்டர் இருந்தாலே நேர வித்தியாசம் ஏறத்தாழ 1 மில்லி விநாடி ஆகிவிடுகிறது. பாடகரை நடுமேடையிலிருந்து ஓரத்துக்குத் தள்ள அது போதும். சோபாவில் மூவர் அமர்ந்து கேட்டால், சரியான மேடையை, அதாவது ஒவ்வொரு ஒலியும் அதனதன் இடத்தில் நிற்பது போன்ற தோற்றத்தை, கேட்பவர் நடுவில் இருப்பவர் மட்டுமே.

நடுவில் அமர்ந்தவருக்கும் ஒரு குறை உண்டு. இடது ஸ்பீக்கரின் ஒலி இடது காதுக்கு மட்டும் செல்வதில்லை, தலையைச் சுற்றிச் சற்றுத் தாமதமாக வலது காதையும் அடைகிறது. வலது ஸ்பீக்கரின் ஒலியும் அப்படியே இடது காதுக்கு வருகிறது. ஒவ்வொரு காதிலும் ஒரே குரல் கால் மில்லி விநாடி இடைவெளியில் இருமுறை விழுவதால், சுமார் 2 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் ஒலி தணிந்து ஒரு பள்ளம் உண்டாகிறது. பேச்சிலும் பாட்டிலும் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கு இன்றியமையாத பகுதி அது. அறையின் சுவர்களிலிருந்து திரும்பும் ஒலி அந்தப் பள்ளத்தை ஓரளவு நிரப்பிவிடும், ஆனால் முழுமையாக நிரப்பாது. நடுவில் உண்மையான ஸ்பீக்கர் ஒன்று குரலின் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும்போது இந்த இரண்டு குறைகளும் குறைகின்றன.

ஸ்டீரியோ என்றாலே இரண்டு ஸ்பீக்கர்தானே? மூன்று என்பது பிற்காலத்தில் ஒட்டவைத்த யோசனை இல்லையா?

இல்லை. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெட்சரின் குழு 1933 ஏப்ரல் 27 அன்று நடத்திக் காட்டிய புகழ்பெற்ற நிகழ்ச்சியில் மூன்று மைக்குகள், மூன்று தனித்தனிச் சேனல்கள், மூன்று ஸ்பீக்கர்கள் இருந்தன. ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவின் ஒலி, தொலைபேசிக் கம்பிகளின் வழியே வாஷிங்டனில் இருந்த அரங்குக்கு வந்து சேர்ந்தது. இசைக்குழுவின் இயக்குநரான லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி வாஷிங்டனில் இருந்தபடி ஒலியளவுகளைக் கட்டுப்படுத்தினார். அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரைகளில், இரண்டு மைக்குகளின் கூட்டுச் சிக்னலை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பும் முறையும் சோதிக்கப்பட்டுப் பதிவாகியுள்ளது. இன்று வீட்டில் நாம் செய்ய நினைப்பது ஏறக்குறைய அதைத்தான்.

மறுபுறம், இங்கிலாந்தில் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931 டிசம்பரில் விண்ணப்பித்த காப்புரிமை இரண்டு சேனல் வழியை வகுத்தது. 1958இல் கடைகளுக்கு வந்த ஸ்டீரியோ இசைத்தட்டில், பள்ளத்தின் இரு சுவர்களில் இரண்டு சேனல்களை எழுத முடிந்தது, மூன்றாவதற்கு இடம் இல்லை. வீட்டு ஸ்டீரியோ இரண்டில் நிலைபெற்றதற்கு இந்த வசதியே பெரிய காரணம். ஒலிப்பதிவுக் கூடங்களில் அதே காலத்தில் மூன்று டிராக் டேப்புகள், அதாவது மூன்று ஒலிகளைத் தனித்தனியே பதியும் டேப்புகள், புழங்கின. ஆர்சிஏ, மெர்க்குரி நிறுவனங்களின் 1950களின் பிற்பகுதிச் செவ்வியல் பதிவுகள் பல மூன்று டிராக்கில் எடுக்கப்பட்டு, தட்டுக்காக இரண்டாகக் கலக்கப்பட்டவையே.

நடு ஸ்பீக்கருக்கு எந்தச் சிக்னலைக் கொடுக்க வேண்டும்? இடதையும் வலதையும் கூட்டினால் போதாதா?

எல்லாவற்றுக்கும் அடித்தளமான கேள்வி இதுதான். கூட்டினால் நடுவுக்கு ஒரு சிக்னல் கிடைத்துவிடும், ஆனால் அத்துடன் நிறுத்திக்கொண்டால் மேடை சுருங்கும். ஏன் என்பதை எண்களோடு பார்ப்போம்.

பக்க ஸ்பீக்கர்களைத் தொடாமல், நடுவுக்கு 0.5 × (இடது + வலது) கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இடது ஓரத்தில் மட்டும் பதிவான ஒரு கிதார் இப்போது இடது ஸ்பீக்கரில் 1 என்ற அளவிலும், நடுவில் 0.5 என்ற அளவிலும் ஒலிக்கும். முன்பு இடது ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வந்த ஒலி, இப்போது 6 டெசிபல் மட்டுமே தணிந்த நிலையில் நடுவிலிருந்தும் வருகிறது. கிதார் உள்ளே இழுக்கப்படுகிறது. வலது ஓரத்து வயலினுக்கும் இதே கதிதான். மூன்று ஸ்பீக்கர் வைத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் மோனோ (ஒற்றைச் சேனல்) மாதிரி ஆகிவிட்டது" என்று கைவிட்டவர்களில் பெரும்பாலானோர் கேட்டது இந்த அமைப்பைத்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு இரண்டு பரிகாரங்கள் உண்டு, இரண்டையும் சேர்த்தே செய்யலாம். முதலாவது, பக்க ஸ்பீக்கர்களை இன்னும் அகலமாகத் தள்ளி வைப்பது. அமெரிக்க ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் பால் க்ளிப்ஷ் 1950களில் பரிந்துரைத்த வழி இது. அறையின் இரு மூலைகளில் பெரிய ஸ்பீக்கர்களை வைத்து, நடுவில் கூட்டுச் சிக்னல் வாங்கும் ஒரு சிறியதை வைத்தார். அவருடைய ஹெரெஸி என்ற மாடல் 1957இல் அந்த நடு இடத்துக்காகவே உருவானது.

இரண்டாவது, நடுவுக்குக் கொடுத்ததைப் பக்கங்களிலிருந்து உரிய அளவில் கழிப்பது. பிரிட்டிஷ் கணிதவியலாளர் மைக்கேல் கெர்சன் 1990களின் தொடக்கத்தில் இதற்கு முறையான கணக்கை வகுத்தார். மெரிடியன் நிறுவனத்தின் கருவிகளில் டிரைஃபீல்ட் என்ற பெயரில் வந்தது அவருடைய முறையே. அதன் எளிய வடிவம் இது:

புதிய இடது = 0.854 × இடது − 0.146 × வலது
நடு = 0.5 × (இடது + வலது)
புதிய வலது = 0.854 × வலது − 0.146 × இடது

இடது ஓரத்துக் கிதாரை மீண்டும் எடுத்துக்கொள்வோம். இடதில் 0.854, நடுவில் 0.5, வலதில் 0.146. அந்த 0.146 எதிர்த் துருவத்தில் இருக்கிறது என்பதுதான் நுட்பம்: நடு ஸ்பீக்கர் உள்ளே இழுக்கும் கிதாரை, வலதில் தலைகீழாக ஒலிக்கும் அந்தச் சிறு பங்கு வெளியே தள்ளுகிறது. மூன்றின் வர்க்கங்களையும் கூட்டிப் பாருங்கள், 1 வரும். அதாவது மொத்த ஆற்றல் மாறவில்லை. நடுவில் பதிவான பாடகரின் குரலோ பக்கங்களில் 0.707, நடுவில் 1 என ஒலிக்கிறது. நடு ஸ்பீக்கர் ஒவ்வொரு பக்கத்தையும்விட 3 டெசிபல் உரக்கக் கேட்கும்.

கெர்சன் இதோடு நிற்கவில்லை. நடுவுக்கு எவ்வளவு பங்கு என்பதை ஒரு கோணமாக வைத்து, அதை அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்: சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே 35 டிகிரி, அதற்கு மேலே 55 டிகிரி. 35 டிகிரிக்கு மேற்கண்ட மூன்று எண்களும் முறையே 0.91, 0.09, 0.41 ஆகின்றன. 55 டிகிரிக்கு அவை 0.79, 0.21, 0.58. இதன் விளைவு அழகானது. நடுவில் உள்ள குரலின் கீழ்ப்பகுதி மூன்று ஸ்பீக்கர்களிலும் ஏறத்தாழச் சம அளவில் வரும், மேல்பகுதியில் நடு ஸ்பீக்கர் பக்கங்களைவிட 6 டெசிபல் ஓங்கி நிற்கும். ஒரே ஒலி மூன்று இடங்களிலிருந்து வருவதால் மேல் அதிர்வெண்களில் உண்டாகும் குழப்பம் இதனால் மட்டுப்படுகிறது. மேலே தந்த எளிய வடிவம் 45 டிகிரிக்கானது, தொடங்குவதற்கு அதுவே போதும்.

என் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் இரண்டு சிவப்பு முனைகளையும் சேர்த்து மூன்றாவது ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. இரண்டு சேனல்களின் வெளியீட்டை நேரடியாக ஒன்றோடொன்று இணைத்தால் ஒரு சேனல் மற்றொன்றுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் ஆம்ப்ளிஃபயர் தானே நின்றுவிடும், இல்லாவிட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் எரியும்.

இடது சிவப்பு முனைக்கும் வலது சிவப்பு முனைக்கும் இடையில் ஸ்பீக்கரை இணைப்பது வேறு விஷயம். அது பல ஆம்ப்ளிஃபயர்களில் இயங்கும், ஆனால் அதில் கேட்பது இடது கழித்தல் வலது. நடுவில் இருக்கும் பாடகர் அதில் காணாமல் போவார், எதிரொலியும் ஓரத்து வாத்தியங்களும் மிஞ்சும். நடு ஸ்பீக்கருக்கு நேர்மாறான சிக்னல் அது. ஒரு சேனலின் துருவத்தை ஆம்ப்ளிஃபயருக்குள் நுழையும் முன்பே தலைகீழாக்கி, அந்தப் பக்கத்து ஸ்பீக்கரின் கம்பிகளையும் மாற்றிப்போட்டால் இதே இணைப்பு கூட்டுச் சிக்னலைத் தரும். முற்காலத்தில் சிலர் அப்படிச் செய்ததுண்டு. ஆனால் இரண்டு கறுப்பு முனைகளும் உள்ளே ஒரே தரையில் சேர்ந்திருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கே அது பொருந்தும். இன்றைய சிறிய டிஜிட்டல் ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் கறுப்பு முனையிலும் சிக்னல் இருப்பதால், இத்தகைய இணைப்புகளை முயலவே வேண்டாம்.

மூன்றாவது ஸ்பீக்கரை ஏதாவது ஒரு சேனலோடு இணையாகப் போடுவதிலும் பயனில்லை. நடுவிலிருந்து ஒரு பக்கத்து ஒலி மட்டுமே வரும். தவிர, 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு இணையாகச் சேர்ந்தால் அந்தச் சேனலுக்கு 4 ஓம் சுமை ஆகிவிடும்.

அப்படியானால் சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர் என்ன செய்வது?

நடு ஸ்பீக்கருக்குத் தனியாக ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர் வையுங்கள். சிக்னலை ஸ்பீக்கர் முனைகளில் கூட்டாமல், அதற்கு முந்தைய நிலையில், அதாவது ப்ரீ-அவுட் துளைகளில் கூட்ட வேண்டும். இடது ப்ரீ-அவுட்டிலிருந்து ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், வலதிலிருந்து இன்னொன்று. இரண்டின் மறுமுனைகளும் சேரும் இடத்தைச் சிறிய ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் இணைத்து, தரைக் கம்பிகளையும் சேர்த்துவிட்டால் கூட்டுச் சிக்னல் தயார். ரெசிஸ்டர் இல்லாத வெறும் இரட்டைக் கேபிளால் இரண்டு வெளியீடுகளையும் சேர்த்தால் கருவி சிரமப்படுவதோடு, பக்க ஸ்பீக்கர்களும் மோனோவாகிவிடும். அந்த இரண்டு ரெசிஸ்டர்கள்தான் சேனல்களைப் பிரித்து வைக்கின்றன. சேரும் இடத்துக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையிலான கேபிள் நீளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ப்ரீ-அவுட்டை வலியுறுத்துவதற்குக் காரணம் வால்யூம். டேப் அவுட் போன்ற நிலையான வெளியீட்டிலிருந்து எடுத்தால், வால்யூமைக் கூட்டிக் குறைக்கும்போது பக்க ஸ்பீக்கர்கள் மட்டும் மாறும், நடு அப்படியே நிற்கும். ப்ரீ-அவுட் இல்லாத ஆம்ப்ளிஃபயர் என்றால், இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் வால்யூமையும் ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, பாட்டு ஒலிக்கும் கருவியின் வால்யூமால் மூன்றையும் ஒருசேரக் கட்டுப்படுத்தலாம்.

இந்த வழியில் பக்கங்களிலிருந்து கழிக்க இயலாது, வெறும் கூட்டல் மட்டுமே கிடைக்கும். ஆகவே பக்க ஸ்பீக்கர்களை விலக்கி வைப்பதும், நடுவை அடக்கி வைப்பதும் இங்கே கட்டாயம்.

ஏவி ரிசீவர் (டிவி, சினிமா ஒலிக்காகப் பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபயர்) இருக்கிறது. எந்த மோடைத் தேர்ந்தெடுப்பது?

ஸ்டீரியோ, டைரக்ட், பியூர் டைரக்ட் என்ற பெயருள்ள மோடுகள் நடு ஸ்பீக்கரை அணைத்துவிடும். "ஆல் சேனல் ஸ்டீரியோ", "மல்டி சேனல் ஸ்டீரியோ" போன்றவை நடுவுக்கு வெறும் கூட்டலை அனுப்பும். விருந்தில் பின்னணியாக இசை ஓடுவதற்கு அவை சரி, உட்கார்ந்து கேட்பதற்கு முன்பு சொன்ன சுருக்கம் வந்துவிடும்.

பழைய ரிசீவர்களில் டால்பி ப்ரோ லாஜிக் 2 இருக்கும். இரண்டு சேனல் ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துத் தருவதற்காக ஜிம் ஃபாஸ்கேட் உருவாக்கி 2000இல் வெளிவந்த முறை அது. அதில் மூவி மோடைத் தவிர்த்து மியூசிக் மோடை எடுங்கள். மூவி மோடு வசனத்துக்காக வடிவமைக்கப்பட்டது, இரண்டு சேனலுக்கும் பொதுவானதையெல்லாம் நடுவுக்குள் திரட்டிவிடும். மியூசிக் மோடில் சென்டர் விட்த் என்ற அளவுகோல் 0 முதல் 7 வரை இருக்கும். 0 என்றால் நடுவில் உள்ளதெல்லாம் நடு ஸ்பீக்கரில் மட்டும், 7 என்றால் முழுவதும் பக்கங்களுக்கே. 3 அல்லது 4இல் தொடங்கி, நன்கு தெரிந்த ஒரு பாட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படியாக நகர்த்திப் பாருங்கள். டிடிஎஸ் நியோ 6 மியூசிக் மோடில் இதே வேலையைச் சென்டர் இமேஜ் செய்யும். 2014க்குப் பிந்தைய ரிசீவர்கள் பலவற்றில் டால்பி சரவுண்ட் மோடுக்குள் சென்டர் ஸ்ப்ரெட் என்ற தெரிவு இருக்கும், இசைக்கு அதை இயக்கி வையுங்கள்.

ஸ்பீக்கர் அமைப்புப் பட்டியலில் சரவுண்ட் ஸ்பீக்கர் இல்லை என்று குறிப்பிட மறக்க வேண்டாம். குறிப்பிட்டால் பின்பக்கத்துக்குப் போக வேண்டிய ஒலி முன்பக்க ஸ்பீக்கர்களிலேயே சேர்ந்துவிடும். குறிப்பிடாவிட்டால் அது இல்லாத ஸ்பீக்கருக்குப் போய் வீணாகும்.

இவற்றில் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. கெர்சனின் முறையில் பங்கீடு மாறாதது. ரிசீவரின் மோடுகளோ நொடிக்கு நொடி எந்தப் பக்கம் ஓங்குகிறது என்று பார்த்துப் பங்கீட்டை மாற்றிக்கொண்டே இருப்பவை. நல்ல மோடில் அது தெரியாது. சில பதிவுகளில் மட்டும், பாடகர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பின்னணி வயலின்கள் சற்று உள்ளே வந்து திரும்பிப் போவதை உணரலாம். அப்படிக் கேட்டால் சென்டர் விட்த்தை உயர்த்துங்கள்.

கம்ப்யூட்டரில் இருந்து நேரடியாகச் செய்ய முடியுமா?

முடியும், உண்மையில் மிக நல்ல வழி இதுதான். ஐந்து புள்ளி ஒன்று (5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கர்களும் கீழ்ச்சுருதிக்கான ஒரு சப்-ஊஃபரும்) வெளியீடு உள்ள சவுண்ட் கார்டோ, எச்டிஎம்ஐ வழியே இணைந்த ரிசீவரோ போதும். விண்டோஸில் அந்தச் சாதனத்தை 5.1 என்று அமைத்துவிட்டு, ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் மேலே தந்த மூன்று சமன்பாடுகளையும் அப்படியே எழுதிவிடலாம். லினக்ஸில் கமில்லா டிஎஸ்பி இதே பணியைச் செய்யும். கம்ப்யூட்டரை இயக்கி வைக்க விரும்பாதவர்களுக்கு, இரண்டு உள்ளீடும் நான்கு வெளியீடும் கொண்ட மினி டிஎஸ்பி போன்ற சிறிய கருவிகள் உண்டு. டிஜிட்டல் நிலையில் கழித்தல் குறி போடுவதற்கு எந்தச் செலவும் இல்லை என்பதால், கெர்சனின் முறையை முழுமையாகக் கேட்டறிய இதுவே எளிய பாதை.

மூன்றும் ஒரே மாதிரி ஸ்பீக்கர்களாக இருக்க வேண்டுமா?

இயன்றால் மூன்றும் ஒரே மாடலாக, நடுவில் உள்ளதும் மற்றவற்றைப் போலவே நிமிர்ந்து நிற்பதாக இருக்கட்டும். ஒரே குரலை மூன்றும் பகிர்ந்து பாடுகின்றன. ஒன்றின் குணம் மாறினாலும் மேடையில் இடமிருந்து வலமாக நகரும் ஒலி, நடுவைக் கடக்கும்போது நிறம் மாறும். டிவிக்குக் கீழே படுக்கைவாட்டில் வைக்கும் சென்டர் ஸ்பீக்கர்கள் பலவற்றில் கீழ்ச்சுருதியை ஒலிக்கும் ஊஃபர்கள் இரண்டு, மேல்சுருதியை ஒலிக்கும் ட்வீட்டரின் இருபுறமும் இருக்கும். பக்கவாட்டில் அமர்ந்தவருக்கு அந்த இரண்டு ஊஃபர்களின் ஒலியும் வெவ்வேறு நேரத்தில் வந்து ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். ஓரத்தில் அமர்பவர்களுக்காகத்தான் நடு ஸ்பீக்கரே வைக்கிறோம் என்னும்போது, அவர்களுக்கே குறை வைக்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது வருத்தத்துக்குரியது. அதே நிறுவனத்தின் அதே வரிசையில், அதே ட்வீட்டர் கொண்ட சிறிய ஸ்பீக்கர் கிடைத்தால், அது இந்தப் படுக்கை ஸ்பீக்கரைவிட நல்ல தேர்வு. ட்வீட்டர்களின் உயரமும் மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும்.

எங்கே வைப்பது?

வழக்கமான ஸ்டீரியோவில் இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரிடமிருந்து 60 டிகிரி விரிவில் இருக்கும். மூன்று ஸ்பீக்கர் அமைப்பில் நடுவில் ஓட்டை விழாது என்பதால் இந்த விரிவை 80, 90 டிகிரி வரைகூடக் கொண்டுபோகலாம். மூன்றாவது ஸ்பீக்கரால் கிடைக்கும் உண்மையான லாபமாக நான் கருதுவது இதைத்தான்: மேடை அகலமாகிறது, பாடகரும் நடுவை விட்டு அசைவதில்லை.

மூன்றையும் ஒரே கோட்டில் வரிசையாக வைத்தால் நடு ஸ்பீக்கர் கேட்பவருக்கு அருகில் வந்துவிடும். பக்க ஸ்பீக்கர்கள் உங்களிடமிருந்து 2.5 மீட்டரிலும், விரிவு 60 டிகிரியிலும் இருந்தால், அவற்றை இணைக்கும் கோட்டில் உள்ள நடு ஸ்பீக்கர் 2.17 மீட்டரில் இருக்கும். 33 சென்டிமீட்டர் முந்தி, அதாவது ஏறத்தாழ 1 மில்லி விநாடி முந்தி அதன் ஒலி வந்துசேரும். அதே 2.5 மீட்டரில் விரிவை 90 டிகிரி ஆக்கினால் இந்த வித்தியாசம் 73 சென்டிமீட்டராக, 2 மில்லி விநாடிக்கும் மேலாக உயரும். முதலில் வந்த ஒலியின் பக்கமே காது சாயும் என்பதால், ஓரத்து வாத்தியங்கள்கூட நடுவுக்கு நகர்ந்துவிடும். ஆகவே நடு ஸ்பீக்கரை அந்த அளவு பின்னே தள்ளி மூன்றையும் ஒரு வில் போல வளைத்து வையுங்கள். பின்னே இடமில்லை என்றால் ரிசீவரிலோ மென்பொருளிலோ நடுவுக்கு அதே அளவு தாமதம் கொடுங்கள். ரிசீவரில் ஸ்பீக்கர் தூரங்களை டேப்பால் அளந்து சரியாக உள்ளிட்டாலே இந்தத் தாமதம் தானாக அமைந்துவிடும்.

ஒலியளவைச் சமப்படுத்துவது எப்படி?

கழித்தலோடு கூடிய முறை என்றால், மூன்று ஸ்பீக்கர்களிலும் தனித்தனியாகப் பிங்க் நாய்ஸ் (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஒலிக்கவிட்டு, அமரும் இடத்தில் மூன்றும் ஒரே அளவு, எடுத்துக்காட்டாக 75 டெசிபல், காட்டும்படி வைத்தால் போதும். மீதியைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். கைபேசியில் உள்ள ஒலியளவுச் செயலியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒப்பிடுவதற்குத்தானே பயன்படுத்துகிறோம். வெறும் கூட்டல் முறை என்றால், இப்படிச் சமப்படுத்திய பிறகு நடுவை மேலும் 3 முதல் 6 டெசிபல் வரை தணியுங்கள். நடு ஸ்பீக்கர் ஒலிப்பது தனியாகத் தெரியக்கூடாது, அதை அணைத்தால் மட்டும் எதையோ இழந்தது தெரிய வேண்டும். அந்த இடம் கிடைக்கும்வரை நகர்த்துங்கள்.

சரியாக இணைத்திருக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் துருவம். 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றின் நேர்முனையை ஸ்பீக்கரின் சிவப்பு முனையிலும், எதிர்முனையைக் கறுப்பிலும் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுத்தால் ஊஃபரின் கூம்பு வெளிப்பக்கம் நகர வேண்டும். மூன்றிலும் ஒரே திசையில் நகர்கிறதா என்று பாருங்கள். அதன் பின், நடுவுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் என்றால் அது சிக்னலைத் தலைகீழாக்கும் வகையா என்றும் அறிய வேண்டும். மோனோ பதிவு ஒன்றை ஓடவிட்டு, ஆம்ப்ளிஃபயரை அணைத்தபின் நடு ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் மாற்றிப்போட்டு மறுபடி கேளுங்கள். எந்த இணைப்பில் கீழ்ச்சுருதி நிறைந்து, குரல் உறுதியாக நடுவில் நிற்கிறதோ அதுவே சரி.

அடுத்து, ஒரே ஒருவர் பாடும் பதிவைப் போட்டுவிட்டு, சோபாவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மெல்ல நகருங்கள். குரல் உங்களோடு வரக்கூடாது. பிறகு, ஒரு பக்கத்தில் குரலும் மறுபக்கத்தில் வாத்தியங்களுமாக முற்றிலும் பிரித்துப் பதிவான 1960களின் தொடக்ககால ஸ்டீரியோப் பாடல் ஒன்றைக் கேளுங்கள். இரண்டு தரப்பும் அவரவர் ஓரத்தில் இருந்தால் கழித்தல் வேலை செய்கிறது. இரண்டும் நடுவை நோக்கி நெருங்கி வந்திருந்தால் நடு ஸ்பீக்கரின் அளவோ பக்கங்களின் விரிவோ சரியில்லை என்று பொருள்.

மூன்றாவதைப் பின்னால் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அது வேறு நோக்கத்துக்கான அமைப்பு. அமெரிக்க ஒலிக்கருவி வடிவமைப்பாளர் டேவிட் ஹாஃப்ளரின் பெயரால் அறியப்படும் முறையில், பின்னால் உள்ள ஸ்பீக்கருக்கு இடது கழித்தல் வலது சிக்னல் செல்லும். நேரடிக் கச்சேரிப் பதிவுகளில் கைதட்டலும் அரங்கின் எதிரொலியும் பின்னாலிருந்து எழுவது இனிமையாகவே இருக்கும். பாடகரை நடுவில் நிலைநிறுத்த அது உதவாது.

ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று சும்மா இருக்கிறது. அதை நடுவில் பயன்படுத்தலாமா?

வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலி பொதுவாக நூறு மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாகிறது. கம்பியில் இணைந்த பக்க ஸ்பீக்கர்களோடு சேர்ந்தால் நடுவிலிருந்து எதிரொலிதான் வரும். அந்த ஸ்பீக்கரில் ஆக்ஸ் உள்ளீடு இருந்தால் கம்பி வழியே இணைக்கலாம். ஆனாலும் உள்ளே டிஜிட்டலாகச் செயலாக்கும் வகை என்றால் சில மில்லி விநாடிகள் தாமதம் இருக்கக்கூடும். அப்போது பக்க ஸ்பீக்கர்களுக்கும் அதே தாமதத்தைக் கொடுக்க வேண்டும்.

சப்-ஊஃபரும் மூன்றாவது ஸ்பீக்கர்தானே?

எண்ணிக்கையில் மட்டும். சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுகொள்வதில்லை, ஆகவே சப்-ஊஃபர் மேடையின் அமைப்பை மாற்றாது. நடு ஸ்பீக்கரோடு சேர்த்து அதையும் வைத்துக்கொள்ளலாம்.

உண்மையிலேயே மூன்று சேனலில் வெளியான இசை கிடைக்குமா?

கிடைக்கும். முன்பு குறிப்பிட்ட ஆர்சிஏ, மெர்க்குரி நிறுவனங்களின் மூன்று டிராக் மூலப்பதிவுகள் பல, 2004 முதல் எஸ்ஏசிடி (பல சேனல் ஒலியையும் கொள்ளக்கூடிய ஒரு வகை சிடி) தட்டுகளாக வெளிவந்தன. அவற்றின் பல சேனல் அடுக்கில் இடது, நடு, வலது என அந்த மூன்று டிராக்குகளும் கலக்கப்படாமல் இருக்கின்றன. அவற்றை ஒலிக்கப் பல சேனல் எஸ்ஏசிடியை ஏற்கும் பிளேயரும் ரிசீவரும் தேவை. மேற்கத்திய செவ்வியல் இசையில் ஆர்வம் இல்லாதவரும், தம் நடு ஸ்பீக்கர் எதை எட்ட முயல்கிறது என்பதை அறிய ஒரு தட்டையாவது கேட்டுப் பார்ப்பது நல்லது. இசைக்குழுவின் நடுவில் இருக்கும் மரக்குழல் வாத்தியங்கள் அங்கே தோற்றமாக இல்லாமல் ஓர் இடத்தில் அமர்ந்து ஒலிக்கும்.

யாருக்கு இது தேவையில்லை?

தனியாக, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரியான நடுவில் அமர்ந்து, நல்ல ஸ்பீக்கர்களில் 60 டிகிரி விரிவில் கேட்பவருக்குக் கிடைக்கும் முன்னேற்றம் சிறிதே. அவர் மூன்றாவது ஸ்பீக்கருக்கான பணத்தை இருக்கும் இரண்டை மேம்படுத்தவோ, அறையின் எதிரொலியைத் திரைச்சீலையாலும் கம்பளத்தாலும் அடக்கவோ செலவிடலாம். பக்க ஸ்பீக்கர்களை நகர்த்தவே இடமில்லாத குறுகிய அறையிலும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நாற்பது ஐம்பது டிகிரி விரிவுக்குள் மூன்றை நெருக்கி வைத்தால் ஒன்றின் ஒலி மற்றொன்றோடு கலந்து மங்குமே தவிர, மேடை விரியாது. அகலமான கூடத்தில், டிவியோ ஜன்னலோ நடுவில் இருப்பதால் ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே வெகுதூரம் விலகி நிற்கின்ற வீட்டில், இருவர் மூவர் சேர்ந்து அமர்ந்து கேட்கும் வழக்கம் இருந்தால் தயங்காமல் செய்யலாம். ஒலி வந்துசேரும் நேரத்தையும் ஒலியளவையும் மேலே சொன்னபடி சரிசெய்துவிட்டால், ஓர இருக்கையில் அமர்பவரும் பாடகரை நடுவிலேயே கேட்பார்.